ஆயா சொன்ன மடுவம்

அன்றைக்கு அந்த ஒரு சொல் எனக்குச் சரியாகப் புரிந்திருந்தால், அந்தப் பெண்ணை நான் நம்பியிருப்பேனா? ஒரு வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பியிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றும். வேறு எதையாவது பிடித்துக்கொண்டு அதற்கும் சந்தேகப்பட்டிருப்பேன் என்று அடுத்த நாள் தோன்றும். எல்லாம் என் மகளின் கம்பளிக் காலுறையில் தொடங்கியது. எட்டு மாதக் குழந்தை, தரையில் கால் ஊன்றாதவள். ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து அவளைத் தூக்கினேன். காலுறைகளின் நுனி மட்டும் நனைந்திருந்தது. கணுக்கால் பக்கம் காய்ந்திருந்தது. மூத்திரம் என்றால் மேலிருந்துதான் நனைந்திருக்கும். நுனி மட்டும் நனைய வேண்டும் என்றால், யாரோ அவளை எங்கேயோ தண்ணீருக்கு மேல் பிடித்திருக்க வேண்டும்.

நான் பைக்காராவைத் தாண்டி, கிளென்மார்கன் போகும் வழியில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட டீச்சர். பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சிப் பக்கம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். பிரசவ லீவ் முடிந்ததும் குழந்தையைத் தோட்டத்துக் கிரெச்சில் விட்டுவிட்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மாமியார் ஊரிலிருந்து வந்து இருக்க முடியாத நிலை. படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், அதனால் தைரியசாலி என்று எல்லோரும் நினைத்தார்கள். காலையில் எட்டரை மணிக்குக் குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்ற ஒன்றைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு சிந்தனையே கிடையாது.

குழந்தையை வாங்கிக்கொண்டவள் கிரெச்சு ஆயா. ஆயா என்றால் வயதானவள் இல்லை, என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பிள்ளை பார்க்கும் வேலைக்குத் தோட்டத்தில் அதுதான் பேர். அந்த வருடம் சிலோனிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பதினைந்து இருபது குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அங்கேயும் அவள் தோட்டத்துப் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். இரண்டு குழந்தைகளை ஒரே துணியில் முன்னும் பின்னுமாகக் கட்டிக்கொண்டு மூன்றாவதின் மூக்கைத் துடைப்பாள். கேள்வி கேட்டால் பதிலுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கப்பலில் வந்தவர்களைப் பற்றி அப்போது பேசிக்கொண்ட பேச்சு உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், இன்று இருப்பார்கள் நாளை வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்றெல்லாம். நான் அப்படி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் பேசியவர்களை மறுத்ததும் இல்லை.

கிரெச்சு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டம் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் ஓடை, ஓடையை ஒட்டிக் கொஞ்சம் சமதரை, அதைச் சுற்றிச் சரிவெல்லாம் தேயிலை. ஓடைக்கரைச் சமதரையில் வெள்ளைக்காரர் காலத்துக் குதிரை லாயம் ஒன்று உண்டு. கதவுக்கு மேல் கல்லில் லாடம் செதுக்கியிருக்கும். அதைத்தான் வெள்ளையடித்துக் கிரெச்சாக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே இடுப்புயரத்துக்கு இடிந்த அஸ்திவாரம் ஒன்று. தோட்டத்தை முதலில் போட்ட வெள்ளைக்காரன் அங்கேதான் வீடு கட்டினானாம், அவன் மனைவி பேயைப் பார்த்துப் பயந்ததால் இரண்டே வருடத்தில் பாதிச் சரிவில் இப்போதைய பங்களாவைக் கட்டிக்கொண்டு போய்விட்டானாம். பங்களாவில் வருடம் முழுக்க ரோஜா பூக்கும். பேய்க்குப் பயந்து எஜமானர்கள் மேலே போனார்கள், குதிரைகள் கீழேயே இருந்தன என்று எனக்குச் சொன்னவர்கள் யாருக்கும் அதில் வேறெதுவும் தோன்றவில்லை. எனக்கும்தான். லாயத்துக்குக் கீழே முப்பது அடி இறங்கினால் ஓடை ஒரு பாறையில் மோதித் தேங்கும். ஆழமான, கறுத்த தண்ணீர். எங்கள் ஊரில் அப்படித் தேங்கும் இடத்தை மடு என்போம்.

ஆயாவுக்கு அந்தக் கட்டடம் ஆகாது. வந்த இரண்டாம் வாரமே என்னிடம் சொன்னாள்:

“டீச்சர், வெள்ளக்காரன் குதிரைக்குக் கம்பளி போர்த்தித்தான் இதுல கட்டியிருப்பான். நம்ம புள்ளைகளுக்கு யாரு போர்த்துறா?”

“கம்பளி நான் குடுத்துத்தானே அனுப்பறேன்?” என்றேன்.

“ஒங்க புள்ளைக்கு இருக்கு. மத்ததுக?” சிரித்தாள். “எங்க தோட்டத்துல பனின்னா நெத்தியில வந்து ஒக்காரும், தொடச்சுக்கிருவோம். இங்க கடிச்சுத் திங்கலாம் போல இருக்கு.”

வேலையில் குறை சொல்கிறாள், புது இடம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலுறை நனைந்த பிறகு நான் கவனிக்கத் தொடங்கினேன். மறுநாளும் நுனி நனைந்திருந்தது. மற்றப் பிள்ளைகளின் பாவாடை ஓரமும் கால்சட்டை ஓரமும் ஈரம். என் மகளின் தலைமுடியில் பச்சைக் கொழுந்து வாசனை. கன்னம் வெயிலில் நின்றதுபோல் சிவந்திருந்தது. லாயத்துக்குள் பத்து மணி வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்காது. ஆயாவைக் கேட்டேன். “வெளையாடினுதுக டீச்சர்,” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தத் திரும்பல் போதும் எனக்கு. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

“ஏம்புள்ள, நீ டீச்சர் வேலைக்கு வந்திருக்கக் கூடாது. போலீசுல சேர்ந்திருக்கோணும்.”

“ஏனுங்க, கொழந்தை காலு நனையுது, உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா?”

“ஈரமில்லாத எடம் இந்த மலையில எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்.”

ஒரு நாள் பிள்ளைகளில் பேசத் தெரிந்த நாலு வயதுச் சிறுமி ஒருத்தியைத் தனியாக நிறுத்தி, காலையில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். டீச்சர் கேட்கிறாள் என்ற பெருமையில் அவள் சொன்னாள்: “மடுவத்துக்கு. ஆயா கூட்டிட்டுப் போச்சு. தெனமும் போவோம்.”

அந்தக் கறுத்த தண்ணீரும், நனைந்த காலுறை நுனியும், திரும்பிக்கொண்ட முகமும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. சந்தேகப்படுகிறவளுக்கு விடை கிடைக்கும்போது பயத்தோடு ஒரு நிம்மதியும் வரும். அது நல்ல நிம்மதி இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்று சாயங்காலமே தோட்டத்துப் பெரிய துரைக்கு, அதாவது மேனேஜருக்கு, ஒரு கடிதம் எழுதினேன். அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ். கிரெச்சில் இருக்க வேண்டிய பிள்ளைகளை ஆயா தினமும் காலைக் குளிரில் ஓடை மடுவுக்குக் கூட்டிப் போகிறாள், உயிருக்கே ஆபத்து, தாங்கள் உடனே கவனிக்க வேண்டும் என்று. வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. ஆயாவிடம் இன்னொரு தரம் கேட்கவுமில்லை.

துரை எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்றேன். ஆயா உள்ளே, மேசைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துரை என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டார்.

“புள்ளைகளை மடுவுக்கா கூட்டிட்டுப் போற?”

“ஆமாங்க ஐயா. மடுவத்துக்குத்தான்.” தயங்காமல் சொன்னாள். “வெயில் கீழ எறங்கற வரைக்கும். அங்கதான் புள்ளைகளுக்கு நல்லது.”

“நல்லதா? எதாவது ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?”

“ஒண்ணும் ஆகாதுங்க ஐயா. நான் கூடவேதான் நிக்கிறேன்.”

‘மடுவத்துக்கு’ என்று அவள் சொன்ன அந்த ‘த்து’ என் காதில் விழுந்தது. சிறுமியும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். சிலோன் பேச்சில் இழுத்துச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் நோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பு மையில் சுழிக்கிறவள் நான். அன்றே அவளைக் கிரெச்சிலிருந்து எடுத்துக் களை வெட்டும் வேலையில் போட்டார்கள். வராந்தாவில் என்னைத் தாண்டும்போது நின்றாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “பாப்பாவுக்கு இருமல் வந்தா நெஞ்சில தேய்க்கிறதோட முதுகுலயும் தேய்ங்க டீச்சர்,” என்று மட்டும் சொன்னாள். குத்திக்காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

புதிதாக வந்த ஆயா சொன்னதைச் செய்கிறவள். கதவைச் சாத்தி, கரியடுப்பு மூட்டி, பிள்ளைகளை அசையாமல் உட்கார வைத்திருப்பாள். காலுறைகள் காய்ந்தே இருந்தன. நான் நிம்மதியாகப் பாடம் நடத்தினேன். மார்கழி பாதியில் என் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. தோட்டத்து லாரியில் முன் சீட்டில் உட்கார்ந்து ஊட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பத்து நாள். அங்கே டாக்டரம்மா கேட்டார்: “குழந்தை பகல்ல எங்க இருக்கும்?” கிரெச்சில் என்றேன். “ஈரம், புகை இல்லாத எடமா பாத்துக்கோங்க.” பார்த்துத்தானே வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஓடையில் பட்ட பழைய குளிர்தான் இப்போது காட்டுகிறது என்றுகூட வீட்டுக்காரரிடம் சொன்னேன். குழந்தை பிழைத்து எழுந்தாள். அந்த மாசியில் ஆயாவின் குடும்பம் தோட்டத்தைவிட்டுத் தேவர்சோலைப் பக்கம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். களை வெட்டும் வேலை அவளுக்கு ஒத்துவரவில்லையாம்.

ஒரு வருடம் கழித்து மூன்றாம் வகுப்புக்குச் சொற்கள் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். மரம், மடு, மலை. சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். “எங்க அம்மா மடுவத்தில் கொழுந்து நிறுக்கிறார்.”

“மடுவுல எப்படிம்மா கொழுந்து நிறுப்பாங்க? தண்ணிக்குள்ள நின்னுட்டா?” என்றேன். வகுப்பே சிரித்தது.

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. “தண்ணிக்குள்ள இல்ல டீச்சர். மேல, ரோட்டுக்கிட்ட, தகரக் கொட்டகையில. அதுதான் கொழுந்து மடுவம். அங்க எங்க தோட்டத்துல மாட்டு மடுவம் இருந்திச்சு. புள்ளைக இருக்கிறது புள்ள மடுவம்.”

கையில் சாக்பீஸ் இருந்தது. மடுவம் என்றால் கொட்டகை. எங்கள் தோட்டத்தில் இலை ஷெட் என்பார்கள். கொழுந்து எடுப்பவர்கள் பதினோரு மணி சுமாருக்குக் கூடைகளைக் கொண்டுவந்து நிறுக்கும் இடம். அதுவரைக்கும் காலியாகக் கிடக்கும். கிரெச்சிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போக வேண்டும். துணியில் கட்டிய குழந்தையின் கால் தொங்கும். பனி படிந்த செடிகள் உரசினால் முதலில் நனைவது காலுறை நுனி.

அன்றைக்கும் நான் உடனே நம்பிவிடவில்லை. ஆயா பிள்ளைகளை மேலே கொண்டுபோனது உண்மையானால், அவள் வசதிக்காகக் கொண்டுபோனாளா, பிள்ளைகளுக்காகவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. அடுத்த பனிக்காலம் வந்ததும் ஒரே மாதிரி இரண்டு தட்டுகளில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றைக் கிரெச்சு வாசலிலும் மற்றதை இலை ஷெட் ஓரத்திலும் சாயங்காலமே வைத்துவிட்டு வந்தேன். காலையில் கிரெச்சுத் தட்டை எடுத்துக் கவிழ்த்தால் கண்ணாடிபோல் ஒரு வட்டம் கழன்று விழுந்தது. ஷெட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஒரு எறும்பு மிதந்தது. யாராவது மாற்றி ஊற்றியிருப்பார்களோ என்று மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் அதேதான். இரண்டுக்கும் நடுவே ஒரு தென்னை மர உயரம்கூட இருக்காது.

பிறகு கண் திறந்த மாதிரி ஆயிற்று. பனி விழுந்த காலையில் ஷெட்டிலிருந்து கீழே பார்த்தால் கிண்ணத்தின் அடி மட்டும் வெள்ளை. சரிவில் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல் ஓர் எல்லை, அதற்கு மேலே பச்சை. கோட்டுக்குக் கீழே உள்ள தேயிலை வருடா வருடம் கருகித் துளிர்க்கிறது, மேலே உள்ளது கருகுவதில்லை. கோட்டுக்குக் கீழே திறந்தவெளியில் புல்தான், ஒரு மரக்கன்றும் தலையெடுப்பதில்லை. கிழக்கு மலை மறைப்பதால் கிரெச்சுக்கு வெயில் வரப் பத்து மணி ஆகும்போது ஷெட்டுக்கு எட்டு மணிக்கே வந்துவிடுகிறது. எங்களுக்குப் பால் ஊற்றும் படகர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நம்ம ஹட்டி எதாச்சும் பள்ளத்துல பாத்திருக்கியா டீச்சர்? எருமையைக் கட்டினாக்கூட எருமை கோவிச்சுக்கும்.” ஹட்டி என்றால் அவர்கள் ஊர். வெள்ளைக்காரன் மனைவி பார்த்த பேய் என்ன என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம் உண்டு. அதைத்தான் நான் மூன்று தரம் தட்டிலிருந்து கவிழ்த்திருக்கிறேன். கிளென்மார்கன் விளிம்பில் நின்று கீழே மசினகுடிக் காட்டைப் பார்த்திருக்கிறேன். இங்கே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு நிற்போம், அங்கே முள்மரங்கள் வெயிலில் காய்ந்து நிற்கும். ஒரு மலைக்கு இரண்டு பக்கம் இரண்டு விதம் என்பது ஆச்சரியமில்லை. ஒரு தோட்டத்துக்குள், ஒரு பாதைக்குள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறும் தூரத்துக்குள் அது மாறும் என்பதை நான் யோசிக்கவில்லை. சூடான காற்று மேலே போகும் என்று ஐந்தாம் வகுப்புக்கு மெழுகுவர்த்தி கொளுத்திக் காட்டியவள் நான். குளிர்ந்த காற்று எங்கே போகும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகாத ஒருத்தி, வந்து இரண்டு வாரத்தில், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே அதைத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

அவள் ஏன் அன்று என்னிடம் நேராகச் சொல்லவில்லை? கிரெச்சைவிட்டுப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. விதியை மீறியது உண்மைதான், அதனால் என் கடிதம் முழுப் பொய் இல்லை என்று சில நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கொழுந்து எடுக்கும் தாய்மார்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. விதியை மீறியதற்காகத்தான் அவளை எடுத்தார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஓடை மடுவுக்குக் கூட்டிப் போகிறாள் என்று நான் எழுதியது அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு பிள்ளையின் பாவாடை இடுப்பு வரைக்கும் நனைந்திருந்ததே, அது எப்படி என்று இப்போதும் மனம் கேட்கிறது. கவாத்து வெட்டாத செடி இடுப்புக்கு மேல் இருக்கும், சின்னப் பிள்ளை நனையாமல் எப்படிப் போகும் என்று நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். இப்படிக் குறை தேடிக்கொண்டே இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. தேடி முடித்துவிட்டால் அவள் முன்னால் போய் நிற்க வேண்டுமே.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இன்னும் சில குடும்பங்கள் கப்பலில் வருகின்றன. அவர்களுக்குப் புது லைன் வீடுகளும் பெரிய கிரெச்சும் கட்ட, ஓடைக்கரைச் சமதரையில் முளையடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். மண் வெட்ட வேண்டியதில்லை, தண்ணீர் பக்கம், லாரி வந்து நிற்கும். பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்குமாம். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பழைய கடிதத்தைப் பற்றியும். “துரைகிட்டச் சொல்லு. ஆனா அந்தக் காயிதத்தைப் பத்திப் பேசாத. தட்டு வெச்சுப் பாத்தேன்னு மட்டும் சொல்லு,” என்றார். அவர் சொல்வது விவரமான வழி. பிள்ளைகளும் தப்பிப்பார்கள், என் வேலையும் தப்பிக்கும். அப்படிச் சொன்னால் பள்ளத்தின் குளிரைக் கண்டுபிடித்தது நான் என்று ஆகும். கிரெச்சிலிருந்து நீக்கப்பட்ட ஆயா என்ற பேர் மட்டும் அவளோடு இருக்கும். அந்தப் பேரால்தான் தேவர்சோலையில் அவளுக்குப் பிள்ளை பார்க்கும் வேலை கிடைக்கவில்லை என்றும் அவளுடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். தினக்கூலிக்கு இஞ்சித் தோட்டத்தில் மண் அணைக்கிறாளாம்.

அவளுக்கு எழுதலாம் என்றால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் தெருவில் வைத்து உரக்கப் படித்துக் காட்டுவார். மன்னிப்பைக்கூட இன்னொருத்தர் வாயால் கேட்க வேண்டியிருக்கும். நேரில் போகலாம் என்றால், அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. மகளைக் கூட்டிப் போகலாமா? நன்றாக இருக்கிறாள் என்று காட்டின மாதிரியும் இருக்கும், குழந்தையை முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்ட மாதிரியும் இருக்கும். முதலில் துரையிடம் உண்மையை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு அவளிடம் போவதா? அல்லது முதலில் அவளைப் பார்த்து, அவள் சம்மதித்தால் அவளையே கூட்டிவந்து துரை முன்னால் நிறுத்தி, எங்கே கட்ட வேண்டும் என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பதா? அவளை மறுபடியும் அந்த மேசைக்கு முன்னால் நிற்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது.

படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், பிறர் பிள்ளையைப் பார்த்துக் கெட்ட பேர் வாங்கினவர்களும் இருப்பீர்கள். இரண்டாவது வகையினர் சொன்னால் எனக்கு இன்னும் உதவியாக இருக்கும். உங்கள் மேல் இப்படி ஒரு கடிதம் எழுதியவள் இரண்டு வருடம் கழித்து உங்கள் வாசலில் வந்து நின்றால், அவள் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று நினைப்பீர்கள்? முதல் கடிதத்தை நான் யாரிடமும் கேட்காமல் எழுதினேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.